கோலப் பக்கத்தில் புள்ளிக் கணக்கையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் வாசகியர் கோலங்களுக்கு இடம் ஒதுக்குவது தமிழ் நாளிதழ்களின் நல்ல வழக்கம். அந்தப் பக்கத்தைப் பற்றிய கோரிக்கைதான் இந்தக் கடிதம். ஆனால் கோரிக்கை வாசலில் கோலம் போடுகிறவர்களுக்காக அல்ல. திருப்பூரிலும் சென்னிமலையிலும் கரூரிலும் துணிக்கு டிசைன் போடுகிறவர்களுக்காக. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

பேஷன் டிசைனிங் முடித்துவிட்டு பனியன் கம்பெனிக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, “ஐடியா எங்கிருந்துங்க பிடிக்கிறது?” என்றுதான். செல்போனைக் காட்டிவிடுவது சுலபமான பதில். செல்போன் எல்லாருக்கும் ஒரே படத்தைத்தான் காட்டும். இங்கே ஒரு பெண் தேர்ந்தெடுக்கிற வாழையிலையை அதே நாளில் வங்கதேசத்திலும் துருக்கியிலும் இன்னும் பத்துப் பேர் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சாம்பிளைப் பார்த்த பையர் (துணி வாங்கும் நிறுவனத்துக்காரர்), “இது ஏற்கெனவே வந்துவிட்டது” என்று ஒதுக்கிவிடுவார். சரி, சுற்றிலும் பார் என்றால், ‘அழகா இருக்குதுங்க’ என்று நான்கு போட்டோ எடுத்து வருகிறார்கள். அதுவும் டிசைன் ஆகாது. பார்த்ததை அளந்து, எண்ணி, எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறதோ அந்த இயந்திரத்தின் கணக்குக்குள் உட்கார வைத்தால்தான் ஆகும். கல்லூரிப் பாடத்தில் தேய்ந்துபோயிருப்பது இந்த எண்ணுகிற பழக்கம்தான்.

பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. கொங்கு நாட்டில் அநேகமாக வீட்டுக்கு ஒன்று பரணிலாவது கிடக்கும். அதில் குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முழுவதுமாக மூடிவிடுகிறது. அதனால் நிறம் மாற்ற வேண்டுமானால் ஊடையை மாற்றினால் போதும். பட்டை குறுக்கே மட்டும் ஓடும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓடும் சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணிக்கும் இதே குணம்தான். அங்கேயும் நிறம் கோர்ஸ் கோர்ஸாக (கோர்ஸ் என்பது கண்ணிகளின் ஒரு குறுக்கு வரிசை), குறுக்கேதான் மாறும். கரூர் மேஜை விரிப்பின் கட்டத்தைச் சாதாரண ஜெர்சியில் பின்ன முடியாது, அச்சடிக்கத்தான் வேண்டும். ஜமக்காளப் பட்டையோ அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதால்.

உட்காரவைக்கும் கணக்கு இது. 30 இன்ச் டயா (விட்டம்) இயந்திரத்தில் விட்டத்தின் இன்ச்சுக்கு 3 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) என்றால் மொத்தம் 90 ஃபீடர். ஒரு ஃபீடருக்கு ஒரே நிறம் என்று ஓடும் சாதாரண ஃபீடர் ஸ்ட்ரைப்பில் ஒரு சுற்றுக்கு 90 கோர்ஸ்தான்; டிசைன் அதற்குள் முடிந்து மறுபடி தொடங்க வேண்டும். முடிந்த துணியில் செமீக்கு 18 கோர்ஸ் என்று வைத்தால் 90 கோர்ஸ் என்பது 5 செமீ. ஜமக்காளத்தில் அளந்தது சிவப்பு 12, கறுப்பு 1, மஞ்சள் 2, கறுப்பு 1, பச்சை 4, ஆக 20 செமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒன்றாகச் சுருக்கினால் 54, 4.5, 9, 4.5, 18 கோர்ஸ். அரை கோர்ஸ் என்று ஒன்று கிடையாது. கறுப்பை 4, 4 ஆக்கி, மிச்சமாகும் ஒன்றை மஞ்சளுக்குக் கொடுத்து 10 ஆக்கினால் 54, 4, 10, 4, 18, கூட்டினால் 90. கறுப்பை 5, 5 ஆக்கி மஞ்சளை 8 ஆக்கினாலும் 90 வரும். ஆனால் மஞ்சள் கறுப்புக்குள் அமுங்கிவிடும். இதில் எதை எடுப்பது என்பதுதான் டிசைனர் வேலை. 20 செமீ பட்டையைச் சுருக்காமல் அப்படியே வேண்டும் என்றால் ஓடும்போதே நூல் நிறத்தை மாற்றும் ஆட்டோ ஸ்ட்ரைப் இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதற்குக் கூலி கூடுதல், உற்பத்தி மெதுவு.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. முதலாவது, கோர்ஸ் எண்ணிக்கையை இயந்திரத்தில் தொங்கும் துணியில் எண்ணுவது. அங்கே துணி இழுபட்டிருக்கும். காம்பேக்டிங் (துணியை அழுத்திச் சுருக்கி நிலைப்படுத்துவது) முடிந்த பிறகு நீளவாக்கில் சுருங்கி, பட்டை நினைத்ததைவிடக் குறுகிப்போகும். எண்ணுவதை முடிந்த துணியில்தான் எண்ண வேண்டும். இரண்டாவது, 90 ஃபீடர் ஒரே சுற்றில் ஓடும்போது துணி திருகாணி மரை போலத்தான் இறங்குகிறது. சுற்று தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இந்தக் கணக்கில் 5 செமீ ஏற்ற இறக்கம் இருக்கும். விரித்த துணியை ஸ்டென்டரில் (துணியை இரு ஓரமும் பிடித்து விரித்து உலர்த்தும் இயந்திரம்) நேராக்காமல் வெட்டினால் பக்கத் தையலில் பட்டையோடு பட்டை சேராது. தையல்காரர்மேல் பழி போடுவார்கள். அவர் என்ன செய்வார் பாவம். மூன்றாவது சாயம். சிவப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து வந்தால், சோப்பு அலசல் போதாத சிவப்பு நூல் முதல் துவைப்பிலேயே வெள்ளையை ரோஸ் ஆக்கிவிடும். நூலைப் பின்னலுக்கு விடும் முன் ஒரு கண்டு சிவப்பையும் ஒரு கண்டு வெள்ளையையும் சேர்த்து நனைத்து, பிழியாமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள்; காலையில் தெரிந்துவிடும்.

இனி கோலம். துணி அச்சில் ‘ரிப்பீட்’ (திரும்பத் திரும்ப வந்து சேரும் டிசைன் அலகு) என்று சொல்லி ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை வாசலில் இரண்டே சொற்களில் முடித்திருக்கிறார்கள்: நேர்புள்ளி, இடைப்புள்ளி. நேர்புள்ளி என்பது புள்ளிக்கு நேர் கீழே புள்ளி, சதுரக் கட்டம். இடைப்புள்ளி என்பது இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசையின் புள்ளி, முக்கோணக் கட்டம். ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று ஒரு வரி எழுதினால் போதும். நடுவில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும், மொத்தம் 169 புள்ளி, வெளிக்கோடு அறுகோணம். ‘15 புள்ளி, 1 வரை, நேர்புள்ளி’ என்றால் 15, 13, 11 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1இல் முடியும், மொத்தம் 113, வெளிக்கோடு சாய்சதுரம். இவ்வளவு சிக்கனமான டிசைன் குறிப்பு வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதைத் துணிக்கு மாற்றும்போது பெரும்பாலோர் சறுக்குவது இடைப்புள்ளியில். பக்கவாட்டில் புள்ளிக்குப் புள்ளி 4 செமீ வைத்தால் வரிசைக்கு வரிசையும் 4 செமீ வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் பூ மேலும் கீழும் இழுத்துவிட்டது போலாகும். முக்கோணம் சமபக்கமாக இருக்க வேண்டுமானால் வரிசை இடைவெளி, புள்ளி இடைவெளியை 0.866ஆல் பெருக்கியதாக இருக்க வேண்டும். 4 செமீக்கு 3.46. வாசலில் கை தானாகவே இந்த நெருக்கத்தைப் பிடித்துவிடும். கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது இயந்திரக் கணக்கு. ரோட்டரி அச்சில், அதாவது உருளை சுழன்று அடிக்கும் அச்சில், ஸ்கிரீன் எனப்படும் அந்த உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 செமீ. நீளவாக்கில் டிசைன் 64ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும்: 64, 32, 21.33, 16, 12.8 இப்படி. 20 செமீயில் வரைந்து கொடுத்தால் அச்சுக்கூடத்தில் அதை 21.33 ஆக இழுத்துவிடுவார்கள்; நீளத்தை மட்டும் இழுத்தால் கோலத்தின் வட்டமெல்லாம் முட்டை. மேலே சொன்ன 3.46 செமீ வரிசையில் 64க்குள் பதினெட்டரை வரிசை வருகிறது, ஆகாது. இடைப்புள்ளியில் வரிசைக்கு வரிசை தள்ளிப்போவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும். 18 என்று வைத்து 64ஐ வகுத்தால் வரிசை இடைவெளி 3.556; அதை 0.866ஆல் வகுத்தால் புள்ளி இடைவெளி 4.1 செமீ. 4க்குப் பதில் 4.1 என்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாற்றாமல் விட்டால் 64 செமீக்கு ஒருமுறை ஒரு வெட்டுக்கோடு துணி முழுக்கத் தெரியும்.

கோலம் அல்லாத வேறு எதையும், வேலியோரக் கிளுவை இலையையோ சோளக்கதிரையோ, ரிப்பீட் ஆக்க கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத்தாளின் நடுவில், விளிம்பைத் தொடாமல் வரையுங்கள். தாளை நெட்டுக்குத்தாக நடுவில் வெட்டி, இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி, பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டி மேல் கீழ் மாற்றி ஒட்டுங்கள். வரைந்தது நான்கு மூலைக்கும் போயிருக்கும், நடு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை நிரப்புங்கள். இப்போதும் விளிம்பைத் தொடக் கூடாது. இனி இந்தத் தாள் எந்தப் பக்கம் அடுக்கினாலும் சேரும். டேப்பை முன்பக்கம் ஒட்டினால் அதன்மேல் பேனா ஓடாது, ஸ்கேனில் பளபளக்கும். 9 பிரதி எடுத்து மூன்றுக்கு மூன்றாகச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். வண்டித்தடம் போல வெற்றுக்கோடு ஏதாவது ஓடினால் நடுவில் நிரப்பியது போதவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் நின்று பார்க்கும்போது இது அகப்படவே அகப்படாது.

கோட்டின் தடிமன் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டி-ஷர்ட்டில் செமீக்கு 43 இழை மெஷ்ஷில் (மை இறங்கும் வலையில்) அடிக்கிற கோடு அரை மிமீக்குக் குறைந்தால் ஜெர்சியின் கண்ணிகளுக்கு இடையில் விட்டுவிட்டு விழும். நிறத்துக்குள் வெறுமையாக விடும் கோடாக இருந்தால் முக்கால் மிமீயாவது வேண்டும். மை பரவி மூடிவிடும். இரண்டு நிறம் தொட்டுக்கொள்ளும் இடத்தில் 0.3 மிமீ ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாவிட்டால் துணி ஒரு இழை நகர்ந்தாலே வெள்ளைப் பிளவு தெரியும். சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் மைக்கு 160 டிகிரி செல்சியஸ் வெப்பம் மையின் அடிவரை ஏற வேண்டும். அச்சடித்த துணியைச் சூடேற்றும் கன்வேயரின் டயலில் 160 காட்டுவது வேறு, மை 160ஐ எட்டுவது வேறு. எட்டாத மை அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். துவைத்து இழுத்துப் பார்த்தால் வெடிக்கும்.

நிறத்துக்கு வருவோம். “கலர் பேலட் எங்கே கிடைக்கும்” என்று தேடுகிறவர்கள் காங்கயம், தாராபுரம் பக்கம் ஒரு கொறங்காட்டின் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தின்) வேலியோரம் அரை மணி நேரம் நிற்கலாம். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை. சில மாதங்களில் அந்தச் சிவப்பு கழன்று சாம்பலாகும். காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கருஞ்சாம்பல், பசு வெளிர். கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப்புல்லின் வைக்கோல் நிறம், வெள்வேல மரத்தின் வெளிறிய பட்டை, நடுவில் ஒரு செவலைக் கன்று. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறத்தைவிட அளவுதான். அந்தச் செவலை இருபதில் ஒரு பங்குகூட இராது. ஆனால் கண் முதலில் அங்கேதான் போகும். நம் பிள்ளைகள் ஐந்து நிறம் எடுத்தால் ஐந்தையும் சரிபங்காகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பந்தியில் பரிமாறுவது போல. வெளிர்சாம்பல் 60, வைக்கோல் 25, கருஞ்சாம்பல் 10, செவலை 5 என்று ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நிறத்தைப் போட்டோவிலிருந்து உருவுவதில் ஒரு எச்சரிக்கை. செல்போன் கேமரா தன்னிஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்தும், நிறத்தைத் தூக்கிக் காட்டும். ஒரு வெள்ளைத்தாளையும் படத்துக்குள் வைத்து, காலை 8 மணி வாக்கில், நேர் வெயில் விழாத இடத்தில் எடுங்கள். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அந்தப் படத்தின் நிறம் எதையும் நம்ப வேண்டாம். பிறகு, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோனின் பருத்தி அட்டையோடு ஒப்பிட்டு எண் குறித்துக்கொள்ளுங்கள். பளபளப்புத் தாள் அட்டையிலிருந்து எண் கொடுத்தால் டையிங்கில் தலைகீழாக நின்றாலும் அந்தப் பளிச்சென்ற நிறம் பருத்தியில் வராது. கடைசியாக, டியூப்லைட்டில் ஒத்துப்போன இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரியலாம். அப்ரூவல் கொடுக்கும் முன் லைட் பாக்ஸில் (பல வகை விளக்கு பொருத்திய பெட்டியில்) டியூப்லைட், பகல்வெளிச்ச விளக்கு இரண்டிலும் பார்த்துவிட வேண்டும்.

எழுத்தும் டிசைன்தான். நாமக்கல் லாரி பாடிகளிலும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளிலும் பிரஷ்ஷால் எழுதிய எழுத்தைப் பார்த்தால், ஒரே பக்கம் நிழல் விட்டு, நிழலுக்கு வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே மூன்று ஸ்கிரீனில் டி-ஷர்ட்டுக்குக் கொண்டுவரலாம். ஆங்கில எழுத்துக்குப் பழகிய கை தமிழில் தவறுவது அளவில். ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் சிறியவை. 1 செமீ உயரத்துக்குக் கீழே தடித்த எழுத்துருவில் அடித்தால் சுழிக்குள் மை நிரம்பி ‘ண’ வெறும் கட்டியாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்வுக்கு மாற்றாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்து விழும். ஸ்கிரீன் போடக் கொடுக்கும் முன் எழுத்து முழுவதையும் அவுட்லைன் ஆக்கி (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி), தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். பத்தாயிரம் பீஸ் அடித்த பிறகு ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்து என்ன பயன்?

இவ்வளவும் குறித்துவைக்க ஏ-5 அளவில் ஒரு கிராஃப் நோட்டும் ஆறு இன்ச் ஸ்கேலும் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் மட்டும். நேர் எதிரே நின்று எடுத்த படம், அளவு, எண்ணிக்கை, மறுபடி தொடங்கும் இடம், ஊர், தேதி, நேரம். சாய்வாக எடுத்த படத்தில் சதுரம் சரிவகமாகிவிடும். அதிலிருந்து அளவு எடுக்க முடியாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பார்த்து எடுப்பதற்கும் பெயரை எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஜமக்காளத்தின் பட்டை அளவிலிருந்து பனியன் துணி பின்னுவது வேறு. விசைத்தறித் துணியில் ‘பவானி ஜமக்காளம்’ என்று லேபிள் வைப்பது வேறு. புவிசார் குறியீடு தடுப்பது இரண்டாவதை. சொந்தமாக உருவாக்கிய டிசைனை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் ‘புதியது’ என்ற தகுதி போய்விடும். பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, உரிமையாளரே 50 பீஸுக்கு மேல் அடித்துவிட்டால் பதிப்புரிமையும் கைவிட்டுப் போகும். திருப்பூரில் 50 பீஸ் என்பது சாம்பிள் ரூமிலேயே முடிந்துவிடுகிற கணக்கு.

இப்போது கோரிக்கைக்கு வருகிறோம். நாளிதழ்களின் கோலப் பக்கங்களில் படம் பெரும்பாலும் சாய்வாக, நிற்கிற உயரத்திலிருந்து எடுத்ததாக இருக்கிறது. கீழே அனுப்பியவர் பெயரும் ஊரும் மட்டும். புள்ளிக் கணக்கு சில நாள் வருகிறது, பல நாள் வருவதில்லை. வந்தாலும் நேர்புள்ளியா இடைப்புள்ளியா என்பது விடுபட்டுப் போகிறது. அது இல்லாமல் ‘15 – 8’ என்ற எண்ணால் பயனில்லை. வரும் மார்கழியில் மூன்று காரியம் செய்தால் போதும். நாற்காலி மேல் ஏறி நேர் மேலிருந்து எடுத்த படங்களை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை புள்ளி, எது வரை, நேரா இடையா என்று மூன்றையும் கட்டாயமாக்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, கோடு போடாமல் புள்ளி மட்டும் வைத்த கட்டத்தைக் கோலத்தின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கால் பக்கம்கூட ஆகாது. வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
துணி வடிவமைப்பாளர்கள் சிலர்,
திருப்பூர்.